பார்க்காமல் எழுதிய எண்கள்

என் இடது கையில் போன். வலது கையில் ஜமால் பாயின் சார்ட். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பத்து மூன்று.

"ஒரு மணிக்கு பி.பி. எவ்வளவு இருந்துச்சு?" என்று போனில் டாக்டர் கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். நர்ஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதற்கு எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன். சார்ட்டைப் பார்த்தேன். ஒரு மணிக்கு நேராக 120/80 என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில், இரண்டு மணிக்கு நேராக 118/80 என்று இருந்தது. அதுவும் என் கையெழுத்துதான். இரண்டு மணி ஆவதற்கு இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது.

எனக்குப் பக்கத்தில், கட்டிலில் ஜமால் பாய் வேர்வையில் நனைந்து கிடந்தார். அன்று காலையில்தான் அவருக்குப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் நான் அளந்தபோது பி.பி. 90/60. நாடி நூற்று இருபதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் அவர் மனைவி மெஹர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சார்ட்டில் இருந்த அந்த ஒரு மணி ரீடிங்கை நான் எடுக்கவே இல்லை. டாக்டருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், எடுக்காத ரீடிங் சார்ட்டில் எப்படி ஏறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துக்காரி

இந்தத் தொடரைப் படிப்பவர்களில் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வார்டில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு எழுத்து எப்படி வந்தது? தினமும் உட்கார்ந்து எழுத மனசு எப்படி ஒரு நிலையில் நிற்கிறது? ஒரு வாசகி இன்னும் ஒரு படி மேலே போய், காலையில் எழுதுவீர்களா மாலையில் எழுதுவீர்களா, என்ன பேனா என்று விசாரித்திருந்தார். பேனா எதுவாக இருந்தாலும் மை வந்தால் சரி, தாயே. மற்ற கேள்விகளுக்குப் பதில்தான் இந்த அத்தியாயம்.

எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். பிள்ளைகளின் டி.சி.யில் அவர் எழுத்து அச்சுப் போல இருக்கும். விளாங்குடி வீட்டில் எனக்கும் நாலு கோடு நோட்டில் தினம் ஒரு பக்கம் எழுதப் பயிற்சி கொடுத்தார். எழுத்து முத்து முத்தாக வந்தது. என்ன எழுதியிருக்கிறேன் என்று அவரும் படித்ததில்லை, நானும் படித்ததில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு காலாண்டு விடுமுறை. பத்து நாளும் டைரி எழுதி வரவேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் லீவு விட்ட முதல் நாள் மத்தியானமே பத்து நாளையும் எழுதி முடித்துவிட்டேன். ஏழாம் நாள் எங்கள் குடும்பம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனது. படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம், காற்று சுகமாக வீசியது. உண்மையில் மூன்றாம் நாளே தம்பிக்கு அம்மை போட்டு, யாரும் வாசல் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த டைரிக்கு 'மிக நன்று' போட்டு, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். நான் சுண்டலை ரசித்து ரசித்து வாசித்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். இதில் தப்பு இருக்கிறது என்று அன்று யாராவது ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். யாரும் தட்டவில்லை.

அட்வான்ஸ்

நர்ஸ் ஆன பிறகு அந்தக் கையெழுத்து எனக்குப் பெரிய சொத்தாக இருந்தது. சிம்மக்கல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வார்டு. ஆய்வுக்கு யாராவது வந்தால் நான் எழுதிய சார்ட்டுகளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. "ரீத்தா, ஒன் கையால எழுதிரும்மா" என்று மற்றவர்களும் தங்கள் சார்ட்டைக் கொண்டுவந்து தருவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு மணிக்கு ஒருமுறை பி.பி., நாடி எல்லாம் பார்த்துச் சார்ட்டில் கட்டம் கட்டமாக எழுதவேண்டும். எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பார்க்கும்போதே ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் சேர்த்து எழுதிவிடுவோம். இதற்கு 'அட்வான்ஸ் போடுவது' என்று பெயர். நன்றாக இருக்கிற நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்பது எங்கள் கணக்கு. ஒரே எண்ணைத் திருப்பிப் போட்டால் சந்தேகம் வரும் என்று இங்கே இரண்டு கூட்டுவோம், அங்கே நாலு குறைப்போம்.

வேலை அதிகம் என்பது உண்மை. அன்றைக்கும் பதினான்கு கட்டிலுக்கு இரண்டு பேர் இருக்கவேண்டிய இடத்தில் நான் ஒருத்தி. ஆனால் வேலை குறைவான நாளிலும் நான் அட்வான்ஸ் போட்டிருக்கிறேன். எழுதி முடித்துவிட்டால் வேலையே முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்கு நான் அடிமையாகியிருந்தேன். ஒரு கட்டிலில் நிற்கும்போதே மனசு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். அங்கே போனால் வீட்டுக்குப் போய்விடும்.

ரிப்போர்ட்டரம்மா

ஜமால் பாய்க்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். தாழ்ப்பாள், கீல், பூட்டு எல்லாம் மொத்தமாக விற்கும் கடை வைத்திருந்தார். மெஹருக்கு ஏறக்குறைய என் வயது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து கையில் ஒரு பழைய கட்டுரை நோட்டும் பென்சிலுமாக இருந்தார். கணவர் இருமினால் எழுதுவார், புரண்டு படுத்தால் எழுதுவார். எழுதும் முன் தவறாமல் கடிகாரத்தைப் பார்ப்பார்.

நாங்கள் அவருக்கு ரிப்போர்ட்டரம்மா என்று பெயர் வைத்திருந்தோம். முந்தின நாள் நானே சீண்டிப் பார்த்தேன்.

"என்னங்க, எங்க மேல கேஸ் போடப் போறீங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல சிஸ்டர். டாக்டரு வந்து நின்னா படபடன்னு கேக்குறாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிருது. மொதல்ல ஒரு எடத்துல காட்டுனப்ப வலி எப்பருந்துன்னு கேட்டாக. நான்பாட்டுக்கு ரெண்டு நாளுன்னுட்டேன். வீட்டுக்குப் போயி எண்ணிப் பாத்தா ஆறு நாளு. அதான் கேட்டா சொல்றதுக்குன்னு எழுதி வச்சுக்கிறேன். கண்ணுல பாத்ததை மட்டும். நெனச்சுக்கிட்டதை எழுதுறதில்ல."

"நல்லா எழுதுங்க" என்று சிரித்துவிட்டு நான் வெளியே வந்து, உடன் வேலை பார்க்கும் தோழியிடம் அவரைப் போலவே பென்சிலை நாக்கில் தொட்டு நடித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதல் போன்

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரு மணிக்கு பி.பி. எவ்வளவு?

"நூத்திருபது எண்பது, டாக்டர்" என்றேன்.

பொய் சொல்லலாம் என்று யோசித்துச் சொல்லவில்லை. எழுதியிருந்ததை வாசித்தேன், அவ்வளவுதான். அவ்வளவு அழகாக எழுதியிருந்ததை என் கண்ணே நம்பிவிட்டது.

டாக்டர் ஊரின் அந்தக் கோடியில் தன் கிளினிக்கில் இருந்தார். பின்னால் குழந்தை ஒன்று அழுதது. "ஒன்னே காலுக்கு வலிக்கு ஊசி போட்டீங்கள்ல? அதுல இறங்கியிருக்கும். கால் பக்கத்த உயர்த்தி வைங்க. டிரிப்ஸ வேகமா விடுங்க. அரை மணி கழிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

சொன்னபடி செய்தேன். ஜமால் பாயின் உதடு வெளுத்திருந்தது. "தண்ணி" என்றார். குரல் பாதிதான் வெளியே வந்தது.

"ஊசியாலயா இப்படி இருக்காக?" என்று மெஹர் கேட்டார்.

"ஆமாங்க, சரியாயிரும்."

"ஊசிக்கு முன்னாடியே வேர்த்துச்சே சிஸ்டர்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கொஞ்சம் தள்ளி இருங்கம்மா, வேலை பாக்க விடுங்க" என்றேன்.

மெஹர் தள்ளிப் போகவில்லை. நோட்டை விரித்து, என் கையிலிருந்த சார்ட்டின் மேலேயே வைத்தார். எழுத்து கோணல் மாணல்தான். ஆனால் ஒவ்வொரு வரியும் நேரத்தில் ஆரம்பித்தது.

12.10 சிஸ்டர் வந்தாங்க. பி.பி. ஒரு தடவை பார்த்தாங்க. மூணு கட்டத்துல எழுதினாங்க.

12.40 தண்ணி கேட்டாக. உதட்டை மட்டும் நனைச்சேன்.

12.55 கை சில்லுனு இருக்கு.

1.05 நெத்தியில வேர்வை. ஃபேன் ஓடுது.

1.10 வயிறு கனமா இருக்குன்னாக.

1.15 சிஸ்டர் ஊசி போட்டாங்க. பி.பி. பார்க்கல.

முதல் வரியைப் படித்ததும் காது இரண்டும் கொதித்தது. மற்ற வரிகளை இரண்டாம் தடவையும் படித்தேன். தாகம், சில்லிட்ட கை, வேர்வை, கனக்கும் வயிறு. உள்ளே ரத்தம் கசிகிற ஆளுக்கு இவை இந்த வரிசையில்தான் வரும் என்று முதல் வருடமே படித்திருக்கிறேன். எல்லாம் ஊசிக்கு முன்னால் ஆரம்பித்தவை. ஒரு மணிக்கு நான் அளந்திருந்தால் அந்த எண்ணே காட்டிக் கொடுத்திருக்கும். இப்போது டாக்டர் என் பொய் எண்ணை வைத்துக்கொண்டு ஊசிமேல் பழியைப் போட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறார்.

மறுபடி அளந்தேன். 84/56.

அடுத்து என் மனசில் ஓடியதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டாக்டர் சொன்ன அரை மணி முடியும்போது இரண்டேகால் ஆகியிருக்கும். இரண்டு மணிக்கு என் டியூட்டி முடிந்துவிடும். அடுத்து வருபவள் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் இப்போதே கூப்பிட்டு, பி.பி. இன்னும் இறங்குகிறது என்று மட்டும் சொல்லலாம், ஒரு மணிக் கதையை விட்டுவிடலாம். ஒரு மனுஷன் கண்ணெதிரே ரத்தம் வற்றிக் கிடக்க, நான் எனக்கு வழி தேடிக்கொண்டு நின்றேன்.

"டாக்டர்ட்ட இதை வாசிச்சுக் காட்டுங்க சிஸ்டர்" என்றார் மெஹர். மிரட்டவில்லை. கெஞ்சினார்.

"எல்லாத்தையுமா?"

"எழுதியிருக்குறதை எல்லாம்."

போனை எடுத்தேன்.

"டாக்டர், ஒரு மணி பி.பி. நான் பாக்கல. பன்னெண்டு மணிக்கே எழுதி வச்சிட்டேன். பன்னெண்டு நாப்பதுலருந்தே தண்ணித் தவிப்பு, கை சில்லுன்னு இருந்திருக்கு. ஊசிக்கு முன்னாடியே வேர்த்திருக்கு, வயிறு கனமா இருக்குன்னு சொல்லியிருக்காரு. இப்ப எண்பத்தி நாலு."

 "ஆபரேஷன் தியேட்டரத் திறக்கச் சொல்லு. ரத்தத்துக்குச் சொல்லிவிடு. நான் வாரேன்" என்றார். வைங்க, விடுங்க என்று பேசியவர் சொல்லு என்றது அப்போதே உறைத்தது.

புது ஷீட்

இரண்டு மணி அடிப்பதற்கு முன்பே ஜமால் பாயைத் தள்ளுவண்டியில் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டோம். கதவு மூடியது. மெஹர் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, உதடு அசைய துவா செய்துகொண்டிருந்தார். நோட்டு மடியில் மூடிக் கிடந்தது.

இன்சார்ஜ் சிஸ்டர் பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்து, போர்வை அடுக்கியிருக்கும் அறைக்கு இழுத்துப்போனார். கையில் ஒரு புது ஷீட் இருந்தது.

"பழசைக் கிழிச்சிரு. ஒரு மணியையும் ரெண்டு மணியையும் விட்டுட்டு இதுல புதுசா எழுது. டாக்டரு வெளிய சொல்லமாட்டாரு, ஆஸ்பத்திரி பேரு இருக்குல்ல."

"அந்தம்மா நோட்டுல இருக்கேக்கா."

"பென்சில்ல கிறுக்குனதை யாருடி பாக்கப் போறா? மெமோ குடுத்து அனுப்பிட்டாங்கன்னா நாளைக்கு எந்த ஆஸ்பத்திரில ஒன்னைச் சேப்பாங்க? ஒனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தான் சொன்னார். அது எனக்கும் தெரியும். என் பிரசவத்தின்போது இரண்டு வாரம் என் டியூட்டியையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்.

பேனாவை எடுத்தேன். பெயர், வயது, கட்டில் எண் எழுதினேன். பதினோரு மணி எழுதினேன். பன்னிரண்டு மணி எழுதினேன். எல்லாம் முத்து முத்தாக வந்தது. ஒரு மணிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மறந்துவிட்டேன் என்று ஆகும். நான் மறக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அந்த மனுஷரைப் பார்க்காமல், தெரிந்தே எழுதினேன். உள்ளே வயிற்றைத் திறந்து தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும், அவர் பிழைத்தால் இரவு முழுக்கப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் என்ன நடந்தது என்று அந்தத் தாள்தான் சொல்லவேண்டும். நான் அதை மறுபடியும் சுண்டல் டைரி ஆக்கிக்கொண்டிருந்தேன்.

புது ஷீட்டை மடித்து அக்காவிடம் கொடுத்தேன். பழைய சார்ட்டில் அந்த இரண்டு எண்கள் மேலும், அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: 'இவை 12.10க்கே எழுதியவை. ஒரு மணிக்கு அளக்கவில்லை. இரண்டு மணிக்கு நோயாளி வார்டில் இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட்டேன். இந்தத் தடவை எழுத்து கோணலாக விழுந்திருந்தது.

பாக்கியம் அக்கா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். உள்ளே ஒரு ரத்தக்குழாயில் போட்ட கட்டு நழுவியிருந்ததாம். பிடித்துக் கட்டியாயிற்று, ஆள் தப்பித்துவிட்டார் என்று மெஹரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் பிழைத்ததற்கு அழுதேனா, என் பிழைப்பை நினைத்து அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மெமோ வந்தது. வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் நான் எடுக்கும் ஒவ்வொரு ரீடிங்குக்கும் இன்னொருவர் உடன் நின்று கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். நேற்றுப் படித்து முடித்து வந்த பெண்கள் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு வெளியே போய்ச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

எழுத்துப் பழக்கம் என்று ஏதாவது எனக்கு இருந்தால் அது அந்த மூன்று மாதத்தில் வந்ததுதான். பார்த்துவிட்டு எழுது, பார்த்த இடத்திலேயே எழுது, இதை வைத்து யார் என்ன முடிவு எடுக்கப் போகிறார் என்று தெரிந்து எழுது. இப்படி எழுத ஆரம்பித்ததும் மனசு கட்டில் தாண்டி ஓடுவது குறைந்தது. கையில் பேனா இருக்கும்வரை எதிரே இருப்பவரைத் தவிர வேறு யோசனை வருவதில்லை. இன்றும் விடிந்ததும், திண்டுக்கல் ரோட்டில் பஸ் சத்தம் கூடுவதற்குள், சாப்பாட்டு மேசையில் அரை மணி உட்கார்கிறேன். எழுத ஒன்றும் இல்லாத நாளில் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன். இட்டுக்கட்டுவதில்லை.

ஆட்டோ வந்த பிறகு

பத்து நாள் கழித்து ஜமால் பாயை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் வாசல்வரை நான்தான் தள்ளிப்போனேன். ஆட்டோ வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கை சூடாக இருந்தது.

"நீங்க பண்ணுன போனுதான் என்னையக் காப்பாத்துச்சுன்னு மெஹர் சொன்னா, சிஸ்டர். அல்லா ஒங்களை நல்லா வைப்பான். எங்க வீட்ல எல்லாரும் ஒங்களுக்காக துவா கேக்குறோம்."

 அவரை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, பைகளை எடுக்க உள்ளே வந்த மெஹரை வாசலில் மறித்தேன்.

"ஏங்க அவர்ட்ட அப்படிச் சொன்னீங்க?"

"நடந்ததைத்தானே சொன்னேன். நீங்க போன் பண்ணுனீங்க. இவுக பொழச்சாக."

"நான் என்ன பண்ணுனேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

மெஹர் பையைக் கீழே வைத்தார். நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். 1.43 சிஸ்டர் டாக்டருக்குப் போன். 1.52 சிஸ்டர் மறுபடி போன்.

"நடுவுல ஒம்பது நிமிஷம்" என்றார். "அதை இவுகட்ட சொல்லல. எனக்கு அது போகல சிஸ்டர், இன்னமும் நெஞ்சுல நிக்குது. ஒங்கட்டயாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு."

நான் தலையை ஆட்டினேன். மெஹர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினார். ஜமால் பாய் திரும்பிப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து எனக்கு சலாம் சொன்னார்.